லஸ்கர் பார்த்த அருவிகள்

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில்கூட இல்லை. கும்பகோணம் சுமார் 25 மீட்டர். மயிலாடுதுறை அதற்கும் கீழே. பூம்புகாரில் கடல் வந்துவிடும். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்துக்குக் காவிரி இறங்குவது அந்த அறுபது மீட்டர்தான். இப்படிப்பட்ட ஊரில் அருவிக்கு எங்கே போவது? நாங்கள் பார்த்து வளர்ந்ததெல்லாம் மதகு. ஷட்டரைத் தூக்கினால் அடியில் தண்ணீர் பீறிட்டு வரும், தளத்தில் புரளும், நுரை கட்டும், கொஞ்ச தூரம் போனதும் அடங்கிவிடும். புதுத்தண்ணீர் வரும் நாட்களில் அந்த நுரைக்குள் கெண்டை எதிரேறித் துள்ளும். பையன்கள் கட்டைச் சுவரில் வலையோடு காத்திருப்பார்கள்.

அந்த ஷட்டரைத் தூக்கியவர்களில் ஒருவர் என் அப்பா. பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்கள் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. ஆறு பிரிகிற தலைப்பில் இருந்துகொண்டு, மேலேயிருந்து வரும் உத்தரவுப்படி ஷட்டரை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மழைக்காலத்தில் இரவெல்லாம் டார்ச் விளக்கோடு கரையில் நடந்து, எங்காவது கசிகிறதா, எலி வளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிற தென்பெரம்பூரில் அப்பா நெடுங்காலம் இருந்தார். கல்லணையில் பிரிந்து வரும் தண்ணீரை மறுபடியும் பிரிக்கிற இடம் அது. எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்பதில் ஓர் அங்குலம் தவறினாலும் கடைமடையில் யாரோ ஒருவரின் நாற்று காயும். அப்பாவின் தூக்கம் முழுவதும் அந்த ஓர் அங்குலத்தில்தான் கழிந்தது.

நான் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் கதவைத் திறந்ததும் வருகிற பெரியவர்கள் நாளிதழில் முதலில் தேடுவது மேட்டூர் அணை நிலவரத்தை. நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை. கபினி, கண்ணம்பாடி, பிலிகுண்டுலு என்ற பெயர்கள் எங்கள் ஊர்த் திண்ணைகளில் சம்பந்தி ஊர்களின் பெயர்களைப் போலப் புழங்கும். ஆனால் அந்த ஊர்களை நேரில் பார்த்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. ஒரு நாள் தொலைக்காட்சியில் ஒகேனக்கல் வெள்ளத்தைக் காட்டினார்கள். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆற்றை நான் பிரித்துத்தான் பார்த்திருக்கிறேன். விழுந்து பார்த்ததில்லை."

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

எப்போது போவது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறையில், சித்திரை வைகாசியில், மலைக்குப் போகின்றன. அப்போது குடகில் குளிர் கிடைக்கும், காப்பித் தோட்டம் கிடைக்கும், அருவி கிடைக்காது. பாறையில் ஒரு கோடு மட்டும் நனைந்திருக்கும். காவிரியின் அருவிகளைப் பார்க்க வேண்டிய காலம் ஆடியும் ஆவணியும். தென்மேற்குப் பருவமழை குடகையும் வயநாட்டையும் அடித்து ஊற்றும் நாட்கள் அவை. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். மேலே கொட்டும்போது இங்கே வானம் காய்ந்து கிடக்கும். காய்ந்த வானத்தின் கீழ் கரை தொட்டு ஆறு ஓடுவதைப் பார்த்துப் பழகியதால், அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று நமக்கு உறைப்பதில்லை. இங்கே ஆண்டு முழுவதும் பெய்வது ஆயிரம் மில்லிமீட்டர் சுற்றி. பாகமண்டலத்தில் அது 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும்.

முழங்கால் வலியால் அம்மா வரவில்லை. தலைக்காவிரித் தண்ணீர் ஒரு சொம்பு வேண்டும் என்று மட்டும் சொல்லி, ஒரு செப்புச் சொம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் மயிலாடுதுறை. ஐப்பசி முழுவதும் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட்டு வளர்ந்தவள்.

மாலையில் மைசூர் ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். அங்கே ஒரு வாடகைக் கார் பிடித்தோம். ஓட்டுநர் கன்னடக்காரர், கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் வண்டி ஓட்டியதால் தமிழ் நன்றாகப் பேசினார். கண்ணம்பாடி அணையை முதலில் பார்க்கலாம் என்றார். நின்றோம். விசுவேசுவரய்யாவின் அணை, 124.80 அடி. அந்த எண் அப்பாவுக்கு மனப்பாடம். சிறிது நேரம் கைகட்டிப் பார்த்துவிட்டு, "கட்டின தண்ணீரை நிறையப் பார்த்தாகிவிட்டது தம்பி, மேலே போகலாம்" என்றார். பிருந்தாவனப் பூங்காவுக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குஷால்நகர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அது எங்கள் ஊர் மழை இல்லை. எங்கள் மழை புயலோடு வரும், இடியோடு வரும், அடித்துவிட்டுப் போகும். குடகு மழைக்கு அவசரமே இல்லை. காலையில் தொடங்கியது மாலையிலும் அதே தாளத்தில் பெய்தது. சாலையோரத்துக் கரைகளிலிருந்தெல்லாம் தண்ணீர் வழிந்தது. வளைவுக்கு வளைவு பெயரில்லாத ஒரு சிற்றருவி. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு நனைந்துகொண்டே வந்தார். "இதெல்லாம் எங்கே போகிறது?" என்று ஒவ்வொன்றையும் கேட்டார். ஓட்டுநர் பொறுமைசாலி. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

மடிக்கேரிக்குப் பக்கத்தில் உள்ள அப்பி அருவி எல்லோரும் போகிற இடம். காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கும் நடுவே இறங்கிப் போனால் எதிரே நின்று பார்க்கலாம். அகலமான அருவி, ஓசை பெரிது, கூட்டமும் பெரிது. எல்லோரும் அருவிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணீர் காவிரிக்குத்தான் போகிறது என்று தெரிந்ததும் அப்பா கைகூப்பினார். நாங்கள் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

மறுநாள் போன மல்லள்ளி அருவியைத்தான் நான் மறக்க மாட்டேன். சோமவாரப்பேட்டைக்கு அப்பால், புஷ்பகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மேலே ஒரு பார்வை மேடை உண்டு. அங்கிருந்து கீழே இறங்கப் படிகள் இருக்கின்றன. எழுபதைக் கடந்தவர் மேலேயே நிற்பார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார். வெள்ளத்தில் கரை நடந்து பழகிய கால், வழுக்கும் படியில் பக்கவாட்டில் ஊன்றி ஊன்றி இறங்கியது. பள்ளத்தாக்கு முழுக்க மேகம். சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. காற்று ஒரு முறை திரும்பியது. எதிர் மலையில் தண்ணீர் மூன்று தட்டாகப் பிரிந்து, பாறையெங்கும் வெள்ளையாக இறங்குவது தெரிந்தது. மறுபடியும் மூடிக்கொண்டது.

அப்பா வழக்கம்போல் கேட்டார்: "இது எங்கே சேர்கிறது?"

"இது நமக்கு வராது ஐயா. குமாரதாரா. மேற்கே போகிறது" என்றார் ஓட்டுநர்.

குமாரதாரா குக்கே சுப்ரமணியா கோயிலைத் தொட்டு ஓடி, உப்பினங்கடியில் நேத்திராவதியோடு சேர்ந்து, மங்களூருக்குப் பக்கத்தில் அரபிக்கடலில் விழுகிறது. அதே புஷ்பகிரி மலைகளில் பிறக்கும் ஹாரங்கி கிழக்கே திரும்பிக் குஷால்நகருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. ஒரே மலை, ஒரே மழை. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி வங்கக் கடலுக்கு, அந்தப் பக்கம் விழுந்த துளி அரபிக்கடலுக்கு. இதைப் பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் படித்திருக்கிறேன். நேரில் நின்று பார்க்கும்போது அது வேறு மாதிரி உறைக்கிறது. அப்பா வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அது: தண்ணீரை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கம் அனுப்புவது. இங்கே அதை ஒரு மலை முகடு செய்துகொண்டிருந்தது. உத்தரவு இல்லை, நோட்டு இல்லை, முறைப்பாசனம் இல்லை. அப்பா முகட்டின் பக்கம் கையை நீட்டி, "இதுதான் பெரிய தலைப்பு" என்றார். மேகத்துக்குள் முகடு தெரியவே இல்லை. ஆனாலும் அவர் கை சரியான திசையைத்தான் காட்டியது என்று ஓட்டுநர் சொன்னார்.

பாகமண்டலத்துக்குப் போகும் வழியில் ஒரு பள்ளத்தாக்கில் நடவு நடந்துகொண்டிருந்தது. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். இரு பக்கமும் சரிவில் காப்பித் தோட்டம், நடுவே கீழே ஒடுங்கிய வயல்கள், ஒன்றுக்கொன்று ஓரடி ஈரடி தாழ்வாக. பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு மழையில் குனிந்து நட்டார்கள். வரப்பில் நின்றிருந்த நிலத்துக்காரர் ஒரு பெரியவர். அப்பாவுக்கும் அவருக்கும் நடந்த உரையாடலை ஓட்டுநர் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னார்.

வாய்க்கால் எங்கே என்று அப்பா கேட்டார். வாய்க்கால் இல்லை, மலையிலிருந்து ஊறி வருகிறது என்றார் அவர். மேல் வயல் நிறைந்து மடை வழியாகக் கீழ் வயலுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, கடைசியில் ஓடைக்கு. ஓடை காவிரிக்கு. தண்ணீருக்கு முறை வைப்பதில்லையா? எதற்கு வைக்க வேண்டும்? எத்தனை போகம்? ஒன்றுதான். அப்பா மூன்று போகப் பெயரும் சொன்னார். குறுவை, சம்பா, தாளடி. அவர் தலையாட்டிக் கேட்டார். உங்கள் ஊரில் மலை இருக்கிறதா என்று அவர் கேட்டார். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மேடுகூட இல்லை என்று அப்பா சொன்னதும், அப்படியானால் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று அவர் ஆச்சரியப்பட்டார். நியாயமான கேள்வி. அதை நகர்த்துவதற்குத்தான் எங்கள் பக்கத்தில் ஓர் இலாகாவே இருக்கிறது.

நெல்லில் வருமானம் இல்லை, ஆள் கிடைப்பதில்லை, பக்கத்து வயல்காரர்கள் பலரும் தரிசாகப் போட்டுவிட்டார்கள் என்றார் அந்தப் பெரியவர். இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பதறியது. அந்தப் பள்ளத்தாக்கு வயல்கள் மழையைப் பிடித்து வைத்து மெதுவாக ஓடைக்கு விடுகின்றன. அவை தரிசாகி, பிறகு வீட்டுமனையாகிவிட்டால், ஆடியில் கொட்டுகிற மழை ஆடியிலேயே ஓடிவிடும். தையில் ஊற ஒன்றும் மிஞ்சாது. குடகில் ஒருவர் நெல் நடுவதை நிறுத்தினால் அதன் விளைவு எங்கள் வெண்ணாற்றில் தெரியும். கன அடிக் கணக்கில் இப்படிப்பட்ட வயல்களுக்குத் தனி வரி கிடையாது, ஆனால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விடைபெறும்போது அவர், காவேரம்மே எங்கள் குலதெய்வம் என்றார். எங்களுக்கும்தான் என்றார் அப்பா. இதை மாற்றிச் சொல்ல ஓட்டுநர் தேவைப்படவில்லை.

பாகமண்டலத்தில் கன்னிகே காவிரியோடு சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத சுஜோதியும் அங்கே சேர்வதாக நம்பிக்கை. அங்கிருந்து தலைக்காவிரி எட்டு கிலோமீட்டர் ஏற்றம். பிரம்மகிரியில் 1,200 மீட்டருக்கு மேல். காவிரி ஊறும் ஒரு சிறிய குண்டிகை, அதன் முன்னே ஒரு குளம், சுற்றிலும் மூடுபனி. ஐப்பசி பிறக்கும் துலா சங்கிரமணத்தன்று இங்கே தண்ணீர் பொங்கி எழுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. அதே நாளில்தான் மயிலாடுதுறையில் துலா முழுக்குத் தொடங்குகிறது. ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீள ஆற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரே நாள் திருநாள். அம்மாவின் சொம்பை நிரப்பினேன். அதே மலைத்தொடரில் 2020 ஆகஸ்டில் நிலச்சரிவு வந்து கோயில் அர்ச்சகரையும் அவர் குடும்பத்தினரையும் கொண்டுபோனது. அந்த இடத்தைக் கடக்கும்போது ஓட்டுநர் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவர் 2018ஐப் பற்றியும் சொன்னார். அந்த ஆகஸ்டில் மடிக்கேரியைச் சுற்றி மலைகள் சரிந்தன. வீடுகளும் தோட்டங்களும் சாலைகளும் போயின. அப்பா உடனே, "எங்களுக்கு அதே மாதம் முக்கொம்பு" என்றார். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் மதகுகள் உடைந்து போயின, மொத்தம் ஒன்பது. 1830களில் ஆர்தர் காட்டன் போட்ட மேலணை. ஓய்வு பெற்றிருந்தாலும் அப்பா அன்று இரவெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. மலை சரிந்ததும் மதகு போனதும் ஒரே மழையால்தான் என்று அந்தக் காருக்குள் இருவரும் கண்டுகொண்டார்கள்.

தெற்குக் குடகில் இர்ப்பு அருவி. இராமேசுவரர் கோயிலிலிருந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். லட்சுமணன் அம்பு எய்து வரவழைத்த தண்ணீர் என்று கதை, ஆற்றுக்கே லட்சுமண தீர்த்தம் என்று பெயர். கண்ணம்பாடி நீர்த்தேக்கத்தில் காவிரியோடு சேர்கிறது. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மழைக்காலத்தில் அங்கே அட்டை அதிகம். துணியில் உப்பைக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல் உப்பு மூட்டையால் ஒற்றினால் விழுந்துவிடும். அப்பாவின் கணுக்காலில் அட்டை ஏறியபோது அவர் சட்டை செய்யவில்லை. வெட்டாற்றங்கரையில் பாம்பையே மிதித்திருக்கிறேன் என்றார்.

இனி சிவசமுத்திரம். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

திருமகூடலில் கபினி வந்து சேர்ந்த பிறகு காவிரி முழு ஆறாகிவிடுகிறது. குடகின் மழையும் வயநாட்டின் மழையும் ஒன்றாகி வரும் அந்த ஆறு, சிவசமுத்திரத்தில் ஒரு தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிகிறது. மேற்குக் கிளை ககனசுக்கியாகவும் கிழக்குக் கிளை பரசுக்கியாகவும் விழுகின்றன. ஏறக்குறைய நூறு மீட்டர் இறக்கம். தீவில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கர், இங்கே நடுவரங்கர், நம் ஸ்ரீரங்கத்தில் கடை அரங்கர். மூன்று இடத்திலும் ஆறு பிரிந்து தீவை அணைத்துக்கொள்கிறது. பிரிகிற இடம் பார்த்துப் படுத்திருக்கிறார் பெருமாள் என்று அப்பா சொன்னார். லஸ்கர் கண்ணுக்கு அதுதான் தெரியும்.

ககனசுக்கியை எதிர்க்கரைப் பார்வை மேடையிலிருந்துதான் பார்க்க முடியும். நாங்கள் போன அன்று மேலே உள்ள அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் சாரல் எழும்பி, அரை கிலோமீட்டருக்கு அப்பால் நின்ற எங்கள் முகத்தில் படிந்தது. தண்ணீர் பாறைகளில் பட்டுப் பட்டுத் தாவி, படிப்படியாக உடைந்து, அடியில் எங்கோ புகைக்குள் மறைந்தது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது இது:

"இதற்கு அடியில் தளம் எது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். தண்ணீர் மேலேயிருந்து விழுந்தால் அடியைத் தோண்டும். நாலடி உயரத்திலிருந்து ஷட்டர் வழியாக வருகிற தண்ணீரே தோண்டும். அதனால்தான் எந்த மதகுக்கும் கீழே கல்லும் சிமெண்டுமாகத் தளம் போட்டு, அதற்கப்பால் பெரிய கற்களை அடுக்கி வைக்கிறார்கள். தளம் போனால் அணை போகும். ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் நின்றதும் அவர் இறங்கிப் பார்த்தது அந்தத் தளத்தைத்தான், விரிசல் உண்டா, கல் நகர்ந்திருக்கிறதா என்று. இங்கே நூறு மீட்டர். எந்தத் தளம் தாங்கும்?

பாறையே தளம். தென்னிந்தியாவின் மிகப் பழைய பாறை வகைகளில் ஒன்றான நைஸ் பாறை. அதையும் ஆறு தோண்டிக்கொண்டுதான் இருக்கிறது. நம் ஆயுளில் தெரியாத வேகத்தில் அரைக்கிறது. அரைத்ததைத் தூக்கிக்கொண்டு போகிறது. மலையில் உருளும் கல், கீழே வரவர மணலாகி, தஞ்சைக்கு வரும்போது வண்டலாகிறது. குடகிலும் இங்கேயும் அரைபட்ட மலைதான் நம் வயல். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது, அது அவருக்குப் புதிய செய்தியாக இல்லை. "பின்னே, சமதரை எங்கிருந்து வந்ததாம்?" என்றார்.

இங்கே 1902லேயே நீர்மின் நிலையம் அமைத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டருக்கு அப்பால் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்ட வேலை. அவ்வளவு நீளமான மின்கம்பி அந்தக் காலத்தில் உலகத்துக்கே புதுமை. மின் நிலையத்துக்குத் திருப்பிவிடும் தண்ணீர் அருவியில் விழாது. கோடையில் இங்கே வெறும் பாறை தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர், தண்ணீரில் உள்ள சத்தை எல்லாம் மின்சாரத்துக்கு எடுத்துவிட்டால் விவசாயத்துக்கு என்ன மிஞ்சும் என்று தன் நண்பரிடம் தமிழில் சொன்னார். அப்பா அவரை விடவில்லை. "தம்பி, மின்சாரம் எடுத்தால் தண்ணீர் குறையாது. உயரம்தான் குறையும். தண்ணீர் அப்படியே ஆற்றுக்குத் திரும்பி வந்துவிடும்" என்று தொடங்கி, அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அந்த இளைஞர் கடைசியில் அப்பாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

உயரம்தான் குறையும். இரவு விடுதியில் நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். தலைக்காவிரியில் 1,200 மீட்டருக்கு மேல். கண்ணம்பாடி நிறையும்போது சுமார் 750. சிவசமுத்திரத்தில் ஒரே இடத்தில் ஏறக்குறைய நூறு மீட்டர் இறக்கம். மேட்டூர் நிரம்பி நின்றால் கடல் மட்டத்திலிருந்து 790 அடி, அதாவது 240 மீட்டர். தஞ்சாவூரில் அறுபதுக்கும் கீழே. ஆறு தன்னிடம் இருந்த உயரத்தை எல்லாம் வழியிலேயே செலவு செய்துவிட்டு எங்களிடம் வருகிறது. விழ உயரம் இல்லாததால் அகலத்தில் பரவுகிறது. காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன் என்று கைகளை விரித்துக்கொண்டே போகிறது. மேலே ஒரே இடத்தில் இடித்து விழுகிற வேகம் இங்கே ஆயிரக்கணக்கான மடைகளில் வரப்புக்கு வரப்பு நகர்கிறது. தாளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டல் சரியா என்று பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பரசுக்கியில் படியிறங்கிக் கீழே போகலாம். அங்கே அருவி அகன்ற வில்லாக வளைந்து பல இழைகளாக விழுகிறது. அழகு என்று கேட்டால் இதுதான் அழகு. ஆனால் என் மனம் ககனசுக்கியில் நின்றுவிட்டது.

காரை அனுப்பிவிட்டு, பெங்களூர், தருமபுரி, பென்னாகரம் என்று பஸ் மாறி ஒகேனக்கல் வந்தோம். வெள்ளம் அதிகம் என்பதால் பரிசல் இல்லை, குளிக்கத் தடை. ஏமாந்தவர்கள் எண்ணெய்த் தேய்ப்புக்காரர்களிடமும் மீன் வறுவல் கடைகளிலும் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார்கள். பரிசல்காரர்கள் பரிசல்களைக் கவிழ்த்து வைத்து அதன் நிழலில் படுத்திருந்தார்கள். ஆறு நிறைந்தால் ஊர் மகிழும், அவர்களுக்குக் கூலி போகும். அதையும் சொல்ல வேண்டும். ஒகேனக்கலில் எந்த அருவியும் பெரிய உயரம் இல்லை. கார்பனடைட் வகைப் பாறைகளை ஆறு இடுக்கு இடுக்காக அறுத்து, அந்த இடுக்குகளில் விழுகிறது. வெள்ளத்தில் அந்த இடுக்குகளும் மூழ்கி, ஐந்தருவி இருக்க வேண்டிய இடத்தில் செந்நிறத் தண்ணீர் ஒரே பரப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

பிலிகுண்டுலு அங்கிருந்து சற்று மேலே. மத்திய நீர் ஆணையம் அளக்கிற இடம். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டிய வாசல். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா ஆற்றின் நடுவில் மிதந்த ஒரு மரக்கிளையைக் கண்ணால் பிடித்தார். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு அது போகும் நேரத்தை விரல் விட்டு எண்ணினார். அகலத்தைக் கண்ணால் அளந்தார். உதடு அசைந்தது. கணக்கு வந்ததா என்று கேட்டேன். வந்தது, ஆனால் சொல்ல மாட்டேன் என்றார். அளவுகோல் இல்லாமல் சொல்வது அவருக்குப் பழக்கம் இல்லை.

கரையோரம் தண்ணீர் வடிந்த இடத்தில் படிந்திருந்த வண்டலைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். மாவாக இருந்தது. இது மேட்டூரில் படிந்துவிடும், நமக்கு வராது என்றார். 1934இல் அந்த அணை முடிந்ததிலிருந்து இந்த வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்தின் அடியில்தான் சேர்கிறது. நமக்கு வருவது தெளிந்த தண்ணீர். அணை வந்ததால்தான் பருவம் தவறினாலும் நமக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயலுக்கு மலை அனுப்பிவைத்த உரம் பாதி வழியில் நின்றுவிட்டது என்பதும் உண்மை. அப்பா அந்த மண்ணைத் தட்டிவிடவில்லை. துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

மேட்டூருக்குப் பஸ் ஏறினோம். அணை நிரம்பி, உபரிநீர் திறந்திருந்தார்கள். பதினாறு கண் மதகின் சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே கேட்டது. அணைப் பூங்காவைப் பார்த்துவிட்டு இரவு தங்கிப் போகலாம் என்று நான் சொன்னேன். அப்பா ஜன்னல் வழியாகத் தண்ணீர் போகிற திசையை ஒரு முறை பார்த்தார்.

"இதற்குக் கீழே எனக்குத் தெரியும். சேலம் பஸ் எங்கே நிற்கும் என்று கேள்" என்றார்.